சொனூ, கிஜா, ஒரு கல்லறை

அன்புள்ள ஐயா,

ஒரு கொரியத் தொடரில் நாயகன் பெயர் சொனூ. வேறொன்றில் அதுவே குடும்பப்பெயராக வருகிறது. எது சரி? என்ன பொருள்? 'அம்மா', 'அப்பா' மாதிரி இதிலும் தமிழ் இருக்குமோ?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

இரண்டும் சரி. ஒலி ஒன்றுதான், எழுதும் சீன எழுத்துகள் வேறு. கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும். நாலு சொல் ஒத்து ஒலித்தால் உடனே சம்பந்தம் பேசக் கிளம்பிவிடுகிறோம்.

எங்கள் மாடியில் ஒரு சொனூ குடியிருந்தார், கார் கம்பெனி இன்ஜினியர். அலுவலகத்தில் 'மிஸ்டர் சொன்' என்று பெயர்ப்பலகை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கிம், பார்க் என்றே பழகிய காது, ஈரசையில் குடும்பப்பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காது. அவர் திருத்தவும் இல்லை.

பொருளுக்கு அகராதியைப் புரட்டாதீர்கள். குடும்பப்பெயரின் முதல் சீன எழுத்தில் மீனுக்கான குறியும் ஆட்டுக்கான குறியும் சேர்ந்து 'புத்தம்புது' என்றாகிறது. அடுத்தது நம் 'இல்' போல ஓர் உருபு. சேர்த்தால் 'புதிதில்'! குடும்பத்தார் சொல்லும் கதை வேறு. சீனத்தில் ஷாங் வம்சம் விழுந்தபின் கொரியாவுக்கு வந்த கிஜாவின் வழியாம் அவர்கள். கொரியாவின் பழம்பெயரான ஜோசொனின் 'சொன்', மானியமாகக் கிடைத்த 'ஊ' என்ற சீமை.

கதை அழகுதான். ஆனால் இதே எழுத்துகளில் சீனத்திலும் ஒரு குடும்பப்பெயர் உண்டு. யுவான் காலத்து எழுத்தோவியர் ஷியன்யூ ஷூ அந்தப் பெயர்க்காரர். கிஜா கொரியா வந்த சேதியோ, கிஜா காலத்துக்கு 800 ஆண்டுக்கும் மேல் பிந்திய ஹான் கால நூல்களில்தான் தலைகாட்டுகிறது. 1102இல் அன்று கொரியாவை ஆண்ட கொர்யோ அரசு பியோங்யாங்கில் கிஜாவின் கல்லறையைத் தேடச் சொன்னது. அரசன் தேடச் சொன்னால் கிடைக்காமல் இருக்குமா? 1612இல் சொனூ குடும்பமே கிஜாவின் வாரிசு என்று அரசு ஏற்று, அவர் கோயிலின் பொறுப்பைப் பரம்பரையாகக் கொடுத்தது. வேலைக்கு வாரிசு தேவைப்பட்டது, வாரிசு கிடைத்தது. 1959இல் சீனத்து மூதாதை வேண்டாமென்று வட கொரிய அரசு கல்லறையை இடித்தது. தாத்தாவைத் தந்ததும் அரசு, பிடுங்கியதும் அரசு.

படித்த திமிரில் ஒரு நாள் ராத்திரி இதையெல்லாம் மாடிக்காரரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "1950 போரில் எங்கள் தாத்தா பியோங்கானிலிருந்து தெற்கே ஓடி வந்தபோது சட்டி பானையைக்கூட எடுக்கவில்லை. வம்சாவளிப் புத்தகத்தை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்." எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

தொடரின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்களே, மனைவி கேட்கிறாள்.