அப்பா சைக்கிளை இரும்புக்குப் போட்டுடலாமா?

கேள்வி: போன தீபாவளிக்கு 21 கியர் சைக்கிள் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ரவுண்டு போறதோட சரி, ரேஸ் கீஸ் எல்லாம் இல்ல. அப்பாவோட பழைய ஹெர்குலிஸ் மாடிப்படிக்குக் கீழ கிடக்கு, வீட்டுல பழைய இரும்புக்குப் போட்டுடலாம்ங்கிறாங்க. எனக்கு மனசு வரல. இனிமே அதால என்ன பிரயோஜனம்?
- வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: தயவுசெஞ்சு போட்டுடாதீங்க சார். என்கிட்டயும் பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு இருக்கு, ரெண்டையும் ஓட்டுறேன், அந்த தைரியத்துல சொல்றேன், ரெண்டோட சுகமும் வேற வேற.

முதல்ல அப்பா வண்டியில செயின் ஓடுற பல்சக்கரத்தோட பல்லை எண்ணிப் பாருங்க. என்னோடதுல முன்னாடி 44, பின்னாடி ஃப்ரீவீல்ல 18, பெடலை ஒரு சுத்து சுத்தினா கிட்டத்தட்ட அஞ்சரை மீட்டர் போகும். கியர் வண்டியில முன்னாடி 28 பின்னாடி 28 பல்லுல போட்டா அதே ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர் சொச்சம்தான், அதான் மேம்பாலத்துல மூச்சு வாங்காம ஏறுது. ஏத்தம், எதிர்க்காத்து, நாள் முழுக்க தூரம் இதுக்கெல்லாம் புதுசுதான். ஆனா உங்க ஊர்லேர்ந்து கல்லணைக்குப் போற ரோடு ஏத்தம் இறக்கம் இல்லாத ரோடு, அங்க ஒரு நாள் ஹெர்குலிஸ்ல போய்ப் பாருங்க, நிமிர்ந்து உக்காந்து, அந்த 28 இஞ்ச் வீல் அது பாட்டுக்கு உருள, வாழைத்தோப்பு, ஆத்துல தண்ணி எவ்ளோ போகுதுன்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே போகலாம். புதுசுல நான் குனிஞ்சே போறதால கண்ணு பாதி நேரம் ரோட்டுலயேதான் இருக்கு.

ஹெர்குலிஸ்ங்கிற பேரு 1910-ல இங்கிலாந்து பர்மிங்காம்ல பிறந்தது, ஆனா நம்ம வீடுகளுக்கு வந்த வண்டியெல்லாம் 1949-ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ், நம்ம அம்பத்தூர்க்காரங்க போட்டது.

நல்ல மெக்கானிக்கா பாத்து ஓவராயில் குடுங்க. பால்ரஸ் மாத்தி கிரீஸ் வச்சு, வீல் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையும் வால்டியூபும் புதுசு போட்டா போதும், ஸ்டீல் ஃப்ரேம் அவ்ளோ சீக்கிரம் போகாது. பெடல் கையை நடு அச்சோட பூட்டுற காட்டர் பின்னை மட்டும் மறக்காம பாக்கச் சொல்லுங்க. என் வண்டியில பெடல் ஒவ்வொரு சுத்துக்கும் 'டொக்'னு ஒரு சத்தம், ரெண்டு கடையில செயின்தான்னு சொல்லி செயினை மாத்தியும் போகல, கடைசியில வயசான மெக்கானிக் ஒருத்தர் வண்டியைச் சாய்ச்சு வச்சு பெடல் கட்டையைக் கையால ஆட்டிப் பாத்துட்டு, சுத்தியலால ஒரே தட்டுல பின்னை வெளிய எடுத்துக் காட்டினார், ஒரு பக்கம் நகம் பதிஞ்ச மாதிரி தேய்ஞ்சிருந்துச்சு. ரொம்ப சின்ன செலவு. அதுக்கப்புறம் ஃப்ரீவீல் டிக்டிக் சத்தம் மட்டும்தான்.

பெயிண்ட் அடிச்சிடாதீங்க, அப்பா கை பட்ட பெயிண்ட் அப்படியே இருக்கட்டும். மழையில மட்டும் எடுக்காதீங்க, ஸ்டீல் ரிம் நனைஞ்சா கம்பி பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

கேள்வி: புது கியர் சைக்கிள், சில கியர்ல மட்டும் செயின் கரகரன்னு உரசுது. வண்டியில கோளாறா?
- வாசகி, சேலம்

பதில்: முன்னாடி பெரிய பல்சக்கரம், பின்னாடியும் பெரிய பல்சக்கரம்னு போட்டிருப்பீங்க, செயின் கோணலா ஓடும். முன்னாடி பெருசுன்னா பின்னாடி சின்ன பக்கம், முன்னாடி சின்னதுன்னா பின்னாடி பெரிய பக்கம்னு வச்சுக்கோங்க. அப்படியும் உரசினா கியர் கேபிளை டியூன் பண்ணச் சொல்லுங்க. புது கேபிள் கொஞ்ச நாள்ல லூஸாகும், அது சகஜம்.

கேள்வி: 1991-ல அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துல அண்ணனோட பார் வச்ச சைக்கிள்ல ஓட்டக் கத்துக்கிட்டேன். கல்யாணத்துக்கப்புறம் தொடவே இல்ல. இப்ப 50 தாண்டிருச்சு, மக கியர் சைக்கிள் வாங்கித் தர்றேங்கிறா. என்னால ஓட்ட முடியுமா?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: அக்கா, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்தப்போ உங்க மாவட்டத்துல ஆயிரக்கணக்கான பொண்ணுங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க, லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஆம்பளைங்க வண்டியையே வாங்கி ஓட்டினாங்க. பார் வண்டியில ஏறி இறங்கினவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. பேலன்ஸ் மறக்காது.

உங்க ஊருக்கு 21 கியர் தேவையில்ல, 7 இருந்தாலே தாராளம். சேலையோட ஏற மாதிரி பார் தாழ்வா இருக்குற ஃப்ரேமா பாருங்க. முதல் வாரம் ரெண்டு கால் விரலும் தரையில படுற உயரத்துல சீட்டு இருக்கட்டும், பழகினப்புறம் பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை அதுல வச்சா கால் நேரா நீளுற அளவுக்கு ஏத்திடுங்க, முட்டி வலிக்காது. ஒரே ஒரு விஷயம், அன்னைக்கு ஓட்டின கம்பி பிரேக் மெதுவா பிடிக்கும், இப்ப வர்ற டிஸ்க் பிரேக் விரல் பட்டாலே பிடிக்கும், முன் பிரேக்கை மட்டும் வெடுக்குன்னு அமுக்கினா தூக்கி விட்டுடும். வாசல்லயே ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடிச்சு நாலு தடவை பழகிட்டுக் கிளம்புங்க.

அண்ணனோட அந்த சைக்கிள் இன்னும் இருக்கான்னு எழுதுங்கக்கா.