கோடவுனில் ரேக் உயரம் இடத்துக்கு இடம் மாறினால் ஸ்பிரிங்க்லர் எப்படிப் போடுவது?

கூரை முழுக்க 10.7 மீட்டர், ஒரு பாதியில் 7.6 மீட்டர் ரேக், மறுபாதியில் 4 மீட்டர்தான், அந்தப் பாதிக்காவது செலவைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூரை ஒரே உயரம் என்றால் பெரிதாகக் குறையாது.

கூரையில் இருக்கும் ஸ்பிரிங்க்லர் ஹெட் (சூடு பட்டதும் திறந்து தண்ணீர் தெளிக்கும் முனை) திறக்க வேண்டுமானால் சூடு அதுவரை ஏற வேண்டும். சரக்குக்கும் கூரைக்கும் இடைவெளி கூடக்கூட அதற்கு நேரம் பிடிக்கும், அதற்குள் தீ வளர்ந்து, மேலே பாயும் அனலே விழுகிற தண்ணீர்த் துளிகளைத் தள்ளிவிடும். இஎஸ்எஃப்ஆர் வகையையே பாருங்கள், ரேக்குக்குள் குழாய் இழுக்காமல் கூரையிலிருந்தே தீயை அமுக்குகிற ஹெட். அட்டைப்பெட்டிச் சரக்கு 7.6 மீட்டர், கூரை 9.1 மீட்டர் என்றால் என்எஃப்பிஏ 13 என்ற அமெரிக்க ஸ்பிரிங்க்லர் விதித்தொகுப்பின்படி கே-14 ஹெட்டுக்கு (கே எண் கூடினால் துளை பெரிது) 3.4 பார் தண்ணீர் அழுத்தம் போதும். சரக்கு அதேதான், கூரை மட்டும் 10.7 ஆனால் 5.2 பார் வேண்டும். 12 ஹெட் ஒன்றாகத் திறப்பதாகக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு சுமார் 5,500 லிட்டர், தீயணைப்போர் கையில் பிடித்து அடிக்கும் ஹோஸுக்கு இன்னொரு 950, ஒரு மணி நேரத்துக்கு தொட்டியில் ஏறக்குறைய 3.9 லட்சம் லிட்டர் வேண்டும். துளை பெரிதான கே-25 போட்டால் அழுத்தம் நன்றாகக் குறையும், பம்ப் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாழ்வான பாதிக்கு சாதாரண ஹெட் போட விதியில் இடம் உண்டு. ஆனால் நடுவே கூரையிலிருந்து குறைந்தது 0.6 மீட்டர் இறங்கும் புகைத்தடுப்பு வேண்டும், அதற்கு நேர் கீழே 1.2 மீட்டர் நடைபாதை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வியாபாரம் கூடினால் அந்தப் பாதியிலும் ரேக் ஏறும், அப்போது யாரும் டிசைனரைக் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை.

அப்புறம், உயரத்தைச் சொன்னீர்கள், சரக்கு என்னவென்று சொல்லவில்லையே! 1982-இல் பென்சில்வேனியாவில் கேமார்ட் என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்தின் பிரம்மாண்டமான கோடவுன், ஸ்பிரிங்க்லரும் தீத்தடுப்புச் சுவர்களும் இருந்தும் எரிந்துபோனது. உள்ளே இருந்த ஏரோசால் டப்பாக்கள் எரிந்தபடியே ராக்கெட் மாதிரிப் பறந்து தீயைப் பரப்பின. உங்களிடம் ஸ்ப்ரே டப்பா, பெட்டியில் போடாத பிளாஸ்டிக், ஃபோம் ஏதாவது இருந்தால் மேலே சொன்ன கணக்கை அப்படியே நம்பக் கூடாது.

இன்னொன்று, இஎஸ்எஃப்ஆர் ஹெட்டுக்கும் சரக்கின் உச்சிக்கும் 0.9 மீட்டர் விட வேண்டும், பேலட்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளையும் அடைக்கக் கூடாது, தண்ணீர் கீழே இறங்க அதுதான் வழி. சரக்குப் பட்டியலையும் ரேக் வரைபடத்தையும் சேர்த்து இன்சூரன்ஸ் கம்பெனியின் இன்ஜினியரிடம் காட்டிவிட்டு குழாய்க்கு ஆர்டர் கொடுங்கள்.