பிளஸ் ஒன்னில் ‘குரூப்’ என்றால் என்ன? அதில் ஏன் இவ்வளவு யோசனை?

தமிழ்நாட்டில் பத்தாவது முடித்துப் பிளஸ் ஒன் சேரும்போது, மொழிப்பாடம், ஆங்கிலம் போக நாம் எடுக்கும் நான்கு பாடங்களின் தொகுப்புதான் குரூப்.

கல்லூரியில் பெரும்பாலும் மொத்த மதிப்பெண்ணைவிட, அந்தப் படிப்புக்கு வேண்டிய பாடங்களைத்தான் பார்ப்பார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 90 + 40 + 42 = 172. தமிழில் 98 வாங்கியிருந்தாலும் இந்தக் கூட்டலில் அது வராது. நீட் எழுத வேண்டுமா, உயிரியல் இருந்தாக வேண்டும்.

இட்லி மாவு அரைத்தால் இட்லி, தோசை, பணியாரம் எதுவும் ஊற்றலாம். அடைக்கு அரைத்துவிட்டு இட்லி கேட்டால் நடக்குமா? கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் அந்த இட்லி மாவு மாதிரி. ஆனால் பாடச்சுமை அதிகம். கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளையை அதில் தள்ளுவது சரியில்லை என்பேன். சி.ஏ. படிக்க நினைப்பவருக்கு வணிகவியல் குரூப்பே வசதி.

அப்புறம், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, கணக்கு, இயற்பியல், வேதியியல் இருந்தால் போதும்.