1884-இல் அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) சார்லஸ் ராட்போர்ன் ஒரே சீசனில் 59 ஆட்டங்கள் ஜெயித்தது எப்படி? இன்றைய பேஸ்பாலில் ஒரு பிட்சர் 20 வெற்றிகளை எட்டுவதே அரிதாயிற்றே?

அந்த 59 பொய்யில்லை. ஆனால் அவர் ஆடிய பேஸ்பாலே வேறு.

அப்போது பிட்சர் நின்று வீச மேடு கிடையாது. சமதரையில் 4 அடி அகலம், 6 அடி நீளத்தில் ஒரு கட்டம். அதன் முன்கோடு பேட்டரிடமிருந்து 50 அடி. (இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893-இல்தான் வந்தது.) கட்டத்துக்குள் ஓடிவந்தும் வீசலாம். அதற்காக எல்லாமே பிட்சருக்குச் சாதகம் என்று நினைத்துவிடாதீர்கள். பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று பேட்டர் கேட்டு வாங்குவார். ஃபவுல் (எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் பந்து) அடித்தால் ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் பேட்டர் அவுட்) கணக்கில் சேராது. 1884-இல்தான் அவர் அணி ஆடிய நேஷனல் லீக் தோளுக்கு மேலிருந்து வீச அனுமதித்தது. ராட்போர்னோ பெரும்பாலும் பழையபடி கையைத் தாழ்த்தியே வீசினார். அத்தனை ஆட்டங்கள் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

முக்கியமான விஷயம் மாற்று வீரர் விதி. காயம்பட்டால் ஒழிய வெளியிலிருந்து புது ஆளை இறக்க முடியாது. பிட்சர் களைத்தால், களத்தில் நிற்கும் இன்னொருவரோடு இடம் மாறிக்கொள்ள வேண்டியதுதான். ராட்போர்ன் தொடங்கிய 73 ஆட்டங்களையும் அவரே முடித்தார்.

ராட்போர்ன் ஆடிய பிராவிடன்ஸ் கிரேஸ் அணியில் அவருக்கு இணையான பிட்சர் சார்லி ஸ்வீனி. ஜூலை நடுவில் ராட்போர்ன் சஸ்பெண்ட் ஆகியிருந்தார். ஜூலை 22 அன்று பிலடெல்பியாவுடன் ஆட்டம். அணி முன்னணியில் இருந்தபோது, மேலாளர் ஃபிராங்க் பேன்கிராஃப்ட் ஸ்வீனியை ரைட் ஃபீல்டுக்கு (வலப்புற வெளிக்களத்துக்கு) போகச் சொன்னார். குடித்திருந்த ஸ்வீனி மறுத்து மைதானத்தை விட்டே வெளியேறினார். மேலே சொன்ன விதியால் மாற்றாள் இல்லை. எட்டுப் பேரோடு ஆடித் தோற்றார்கள். ஸ்வீனி நீக்கப்பட்டார்.

ராட்போர்ன் பேரம் பேசினார்: மீதி ஆட்டங்களை நான் வீசுகிறேன், கூடுதல் சம்பளம் கொடுங்கள், சீசன் முடிந்ததும் ஒப்பந்தப் பிடியிலிருந்து விட்டுவிடுங்கள். தொடர்ந்து 18 வெற்றிகள் வந்தன. மொத்தம் 678⅔ இன்னிங்ஸ், 441 ஸ்ட்ரைக்அவுட், இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) 1.38. காலையில் தலைவாரக்கூட கை தூக்க முடியாது என்பார்கள். அக்டோபரில் இன்னொரு லீகின் சாம்பியனான நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸை எதிர்த்து மூன்று ஆட்டங்களையும் அவரே வீசி ஜெயித்தார்.

விலை பிறகு தெரிந்தது. அடுத்த ஆண்டு 28 வெற்றிகள். அதன் பிறகு எந்த ஆண்டும் அதைத் தாண்டவில்லை. 1891-இல் சின்சினாட்டி அணியில் ஆடியதோடு அவர் ஆட்ட வாழ்க்கை முடிந்தது, மொத்தம் 309 வெற்றிகள்.

சில பட்டியல்களில் 1884-இன் அந்த 59, 60 என்று இருக்கும். ஜூலை 28 ஆட்டத்தில் அதே அணியின் சைக்ளோன் மில்லர் ஐந்து இன்னிங்ஸ் வீசி முன்னிலையோடு விலக, மீதி நான்கை ராட்போர்ன் வீசினார். அன்றைய ஸ்கோரர் வெற்றியை ராட்போர்ன் பேரில் எழுதினார். இன்றைய விதிப்படி அது மில்லருக்குத்தான் சேரும்.