கப்புச்சினோ, லாட்டே, ஃபிளாட் ஒயிட்: எல்லாமே பால் காபிதானே, என்ன வித்தியாசம்?

"எல்லாம் பாலும் காபியும்தானே, எதற்கு மூன்று பெயர், மூன்று விலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாலில் பில்லைப் பார்த்த சூட்டோடு கேட்ட மாதிரி இருக்கிறது. விலையை நான் போடுவதில்லை, காபியைத்தான் போடுகிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

அடிப்படை ஒன்றுதான், மறுக்கவில்லை. எங்கள் கடையில் மூன்றுக்குமே 18 கிராம் பொடி, 9 பார் அழுத்தத்தில் வெந்நீர். 25, 30 விநாடிக்குள் சுமார் 36 மில்லி எஸ்பிரெஸ்ஸோ இறங்கிவிடும். அதன்மேல் எவ்வளவு பால், எவ்வளவு நுரை என்பதுதான் கணக்கு. கப்புச்சினோ 180 மில்லி கப். மேலே ஒரு விரல் கனத்துக்கு நுரை நிற்க வேண்டும். லாட்டே 300 மில்லி, பால் அதிகம், நுரை மெல்லிசு, காபி பின்னால் எங்கோ இருக்கும். ஃபிளாட் ஒயிட் 160 மில்லிதான், அதனால் காபி தூக்கலாகத் தெரியும். கடைக்குக் கடை அளவு மாறும், தெரியும். ஃபிளாட் ஒயிட் யார் கண்டுபிடிப்பு என்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்குமே இன்னும் தீரவில்லை, என்னிடம் இலக்கணம் பேச வராதீர்கள்.

ஆனால் நம் ஊரில் தகராறு வருவது அளவில் இல்லை, சூட்டில். ஃபில்டர் காபிக்குப் பாலைப் பொங்கவிட்டு, டிகாஷனில் ஊற்றி, ஆற்றிக் கொடுக்கிறோம். சிக்கரியும் கலந்திருப்பதால் கொதிக்கிற பாலிலும் டிகாஷன் எடுத்துக் கொடுக்கும். எஸ்பிரெஸ்ஸோ காபிக்குப் பால் கொதிக்கவே கூடாது. ஸ்டீம் குழாயை முதலில் பாலின் மேல்மட்டத்தில் வைத்தால் 'ஸ்ஸ்' என்று காற்று ஏறும். பிறகு கொஞ்சம் உள்ளே இறக்கினால் சத்தம் அடங்கிப் பால் சுழலும். ஜக்கைப் பிடித்திருக்கிற உள்ளங்கை தாங்காத நேரம் அநேகமாக 60 டிகிரி. 70-ஐத் தாண்டினால் வெந்த பால் வாடை வந்துவிடும், நுரையும் உடையும்.

இதைப் போன மாதம் ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். கப்பைப் புறங்கையால் தொட்டுவிட்டு, "தம்பி, ஆறிப்போனதைக் கொடுத்திருக்கீங்க" என்றார். "சார், கப்புச்சினோவுக்கு இவ்வளவுதான் சார் சூடு." "எங்க வீட்ல டம்ளரைத் துண்டால பிடிச்சுத்தான் குடிப்போம்." சரி என்று புதுப் பாலை 80 வரை ஏற்றி, வேறு கப்பில் போட்டுக் கொடுத்தேன். நுரை சோப்புத் தண்ணீர் மாதிரி பெரிய பெரிய குமிழாக வெடித்துக்கொண்டிருந்தது. பார்க்கவே எனக்குக் கூசியது. அவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இப்பதான் காபி" என்றார். சத்தியமாக அவர்மேல் கோபமே இல்லை, அவர் நாக்கு அவருக்கு. திரும்பி வந்த முதல் கப்பை மேனேஜர் என் கணக்கில் வேஸ்டேஜ் என்று எழுதினார் பாருங்கள், அதுதான் வலித்தது.

அந்த மேனேஜரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தாயிற்று. எங்கள் கவுண்டருக்குப் பின்னாலும் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் பேப்பர் கப் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. கூட்டமே இல்லாத மதியம் மூன்று மணிக்கும் நாங்கள் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும், கஸ்டமர் பார்த்தால் சோம்பேறித்தனமாகத் தெரியுமாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதினால் என்ன.

உங்களுக்கு நான் சொல்வது: வீட்டில் திக்கான ஃபில்டர் காபி குடித்துப் பழகியிருந்தால் லாட்டே பக்கம் போகாதீர்கள், வெறும் பால் குடித்த மாதிரி இருக்கும். ஃபிளாட் ஒயிட் கேளுங்கள். சூடு வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே "எக்ஸ்ட்ரா ஹாட்" என்று சொல்லிவிடுங்கள், கப் திரும்பி வராது.