ஒரு தளத்துக்கு ஒரு ஸோன் போதுமா?

கேள்வி: சிகாகோவில் அமையவுள்ள நான்கு தள அலுவலகக் கட்டடத்துக்கான வெப்பமூட்டல், குளிரூட்டல் கணக்கைக் கோவையில் இருந்து ரெவிட் என்னும் கட்டட வடிவமைப்பு மென்பொருளில் தயாரிக்கிறேன். பெரும்பகுதி தடுப்பில்லாத திறந்த கூடம் என்பதால், ஒவ்வொரு தளத்தையும் ஒரே ஸ்பேஸாகவும் (மென்பொருளில் கணக்கிடப்படும் இடப்பகுதி) ஒரே ஸோனாகவும் அமைத்தேன். குளிரூட்டும் லோடு (அகற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு) மிகக் குறைவு என்று மூத்த பொறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அறைக்கு ஒரு ஸோன் வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஒரே தெர்மோஸ்டாட்டின் கட்டுப்பாட்டில் எந்தெந்த இடங்கள் ஒன்றாக இருந்தாலும் அங்குள்ள எவருக்கும் வியர்க்காதோ, குளிராதோ, அந்த இடங்கள் சேர்ந்ததே ஒரு ஸோன். இதைச் சுவர்களைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. வெயில் எந்தப் பக்கம், எந்த நேரத்தில் விழுகிறது என்பதையும், உள்ளே ஆட்களும் கருவிகளும் எவ்வளவு வெப்பம் தருகின்றன என்பதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எனவே மென்பொருளைத் திறப்பதற்கு முன் தள வரைபடத்தின் மேல் பென்சிலால் ஸோன்களைப் பிரித்துவிடுங்கள்.

உங்கள் கணக்கு குறைந்து வந்ததற்குக் காரணம் இதுதான். ஒரு ஸோனுக்குள் இருக்கும் காற்று முழுவதும் நன்கு கலந்து ஒரே வெப்பநிலையில் இருப்பதாகவே இத்தகைய மென்பொருள்கள் எடுத்துக்கொள்கின்றன. காலையில் கிழக்குக் கண்ணாடி வழியாக ஏறும் வெப்பமும் பிற்பகலில் மேற்கே ஏறும் வெப்பமும் தளம் முழுவதற்கும் பரவிவிடுவதாகக் கணக்கிடப்படுவதால், இரண்டு பக்கங்களின் உச்சமும் மறைந்துபோகிறது. குளிர்காலத்தில் இது இன்னும் மோசம். ஏறத்தாழ 42 பாகை வடக்கில் உள்ள சிகாகோவில் டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 25 பாகை அளவே எழுகிறது. அந்தத் தாழ்ந்த வெயில் தெற்குக் கண்ணாடி வழியாக வெகுதூரம் உள்ளே வந்து அங்கே குளிரூட்டலைக் கேட்க வைக்கும். அதே மணியில் வடக்குப் பக்கம் ஹீட்டர் ஓட வேண்டியிருக்கும். ஒரே ஸோனாக இருந்தால் ஒன்றை மற்றொன்று கழித்துவிட, இரண்டுமே தேவையில்லை என்று விடை வரும். வெப்பமூட்டலின் உச்ச லோடு வெயிலைக் கணக்கில் கொள்ளாமலே கணக்கிடப்படுவதால், இந்தப் பிழை அங்கே தெரியாது. ஆண்டு முழுவதற்குமான ஆற்றல் கணக்கில்தான் வெளிப்படும்.

ஸோன் பிரிப்பு இன்னும் வடிவமைக்கப்படாத கட்டடங்களுக்கு அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 90.1 தரநிலையில் உள்ள பின்னிணைப்பு ஜி ஒரு வழி சொல்கிறது. வெளிச்சுவரில் இருந்து 15 அடி, அதாவது சுமார் 4.5 மீட்டர் வரையிலான பகுதியைத் திசைவாரியாகத் தனித்தனி ஸோன்களாகவும், அதற்கும் உள்ளே இருக்கும் நடுப்பகுதியைத் தனி ஸோனாகவும் பிரிக்க வேண்டும். வெளிச்சுவரே இல்லாத அந்த நடுப்பகுதி ஜனவரியிலும் குளிரூட்டலைக் கேட்கும். தரையைத் தொடும் தளத்தையும் கூரையை ஒட்டிய தளத்தையும் இடைத் தளங்களோடு சேர்க்கக் கூடாது. சர்வர் அறைக்குத் தனி ஸோன் வேண்டும். கூட்ட அறைக்கும் அப்படியே, ஏனெனில் அங்கே ஆட்கள் நிறைவதும் காலியாவதும் சட்டென்று நடக்கும்.

இனி ரெவிட்டுக்கு வருவோம். கட்டடக்கலை மாதிரி லிங்க் செய்யப்பட்டிருந்தால், அதன் டைப் ப்ராப்பர்ட்டீஸில் ரூம் பவுண்டிங் என்பதை டிக் செய்யுங்கள். இல்லையேல் ஸ்பேஸ்களுக்குச் சுவரே தெரியாது. கணக்கிடும் முறையை 'ஏரியாஸ் அண்ட் வால்யூம்ஸ்' என்று மாற்றுங்கள். பிறகு, திறந்த கூடத்தில் வெளிச்சுவருக்கு இணையாக 4.5 மீட்டர் உள்ளே ஸ்பேஸ் செபரேட்டர் கோடு வரைந்து, அந்தக் கோடுகள் சந்திக்கும் மூலைகளில் இருந்து கட்டடத்தின் மூலைகளுக்குச் சாய்கோடு இழுங்கள். நான்கு திசைக்கு நான்கும் நடுவில் ஒன்றுமாக ஐந்து ஸ்பேஸ்கள் கிடைக்கும். மாடிப்படி, குழாய்த் தடம், பொய்க்கூரைக்கு மேலுள்ள வெற்றிடம் ஆகியவற்றிலும் ஸ்பேஸ் வைத்து, குளிரூட்டப்படாதவற்றை அன்கண்டிஷன்ட் என்றும் பொய்க்கூரை வெற்றிடத்தைப் பிளீனம் என்றும் குறிக்க வேண்டும். ஸ்பேஸ் இல்லாத இடத்தை மென்பொருள் வெளிப்புறமாகக் கருதி, உட்சுவரை வெளிச்சுவராகக் கணக்கிட்டுவிடும்.

புதிய ஸ்பேஸ் எதுவும் முதலில் டிஃபால்ட் ஸோனுக்குள்தான் போய்ச் சேரும். ஆகவே ஸோன்களை உருவாக்கி ஸ்பேஸ்களைச் சேர்த்த பின், சிஸ்டம் பிரவுசரில் டிஃபால்ட் ஸோனில் எதுவும் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்பமூட்டலுக்கு 21 பாகை, குளிரூட்டலுக்கு 24 பாகை செல்சியஸ் என்று வைப்பது பொருத்தமாக இருக்கும். இரண்டையும் 22 என்று வைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது 5 பாகை ஃபாரன்ஹீட், ஏறக்குறைய 2.8 பாகை செல்சியஸ், இடைவெளியை அதே தரநிலை கேட்கிறது.

லோடு அறிக்கை வந்ததும் மொத்தக் குளிரூட்டும் திறனை, அதாவது டன் கணக்கைப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு ஸோனும் உச்சத்தைத் தொடும் நேரத்தைப் பாருங்கள். கிழக்கு ஸோனுக்குக் காலையும், மேற்குக்குக் கோடைப் பிற்பகலும் வர வேண்டும். கண்ணாடி மிகுந்த தெற்கு ஸோனுக்கு ஜூலையை விடச் செப்டம்பர், அக்டோபர் நண்பகலில் உச்சம் வருவது இயல்பு. அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். கிழக்குக்கு மாலையில் உச்சம் வந்தாலோ, வடக்கு ஸோன் தெற்கை விட அதிக வெயில் வாங்கினாலோ, ஸோன்களைத் தொடாமல் முதலில் ட்ரூ நார்த் (உண்மையான வடதிசை) சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதியுங்கள்.