உக்கார ஒரு ஸ்டூலுக்குமா சட்டம்?

கே: பணம் குவியுறதும் சிட்டியிலதான், கொடி புடிக்கிறதும் சிட்டியிலதான். ஏன் சார், கிராமத்துல அநியாயமே இல்லையா?
– ஒரு வாசகர், அரியலூர்

ப: இல்லாமலா, கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிக் குடும்பங்களைக் குடிசையோட எரிச்ச கீழ்வெண்மணியை மறந்துட முடியுமா என்ன. ஆனா சிட்டி முதலாளிக்கு ஒரு சிக்கல் இருக்கு, மில்லு ஓடணும்னா ஆயிரக்கணக்கான ஆளுங்களை ஒரே கேட்டுக்குள்ள விட்டுத்தான் ஆகணும், உள்ள போனவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காம இருப்பாங்களா. பெரம்பூர்ல பின்னி கம்பெனியோட பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்லுல அதான் ஆச்சு. என்ன பெரிய புரட்சி கேட்டாங்க? சாப்பிட நேரம் பத்தலைன்னாங்க, சோத்தை அள்ளி முழுங்கிட்டு மிஷினுக்கு ஓடணும். அந்த ஏரியாவுல பக்தி சபை நடத்திட்டிருந்த செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு காதுல இந்தப் புலம்பல் விழுந்து, அவங்க அன்னி பெசன்ட்டோட கூட்டாளி பி.பி.வாடியாகிட்ட போய், 1918 ஏப்ரல் 27-ல சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பமாச்சு. இந்தியாவுல முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு இதைத்தான் சொல்வாங்க, திரு.வி.க.வும் கூடவே நின்னார். கம்பெனி சும்மா இருக்குமா, வாடியா மேல கேஸ் போட்டு கோர்ட்ல தடை வாங்கிடுச்சு. அப்போ சங்கம் நடத்துறதே குத்தமாடான்னு எல்லாரும் கேக்க ஆரம்பிச்சு, கடைசியில 1926-ல தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு.

இதோட நிறுத்திட்டா கதை ஜோராத்தான் இருக்கும், ஆனா அதே மில்லுல நடந்த 1921 ஸ்ட்ரைக்கைச் சொல்லாம விட்டா அது பித்தலாட்டம். அப்போ தலித் தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலைக்குத் திரும்பிட்டாங்க, 'கருங்காலி'ன்னு ஈஸியா திட்டிடலாம், ஆனா ஊர்ல தள்ளி வெச்சவன் சங்கத்துல மட்டும் தோள்ல கை போடுவான்னு அவங்க எதை வெச்சு நம்புறது? புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. காலையில நுழைஞ்சது ஒரே கேட்டு, சாயங்காலம் திரும்புனது வேற வேற தெரு.

கே: அதெல்லாம் தாத்தா காலத்துக் கதை சார். இப்ப மில்லே இல்லையே?
– அதே வாசகர் (விடமாட்டார் போல!)

ப: மில்லு இல்லைன்னா என்ன, ஜவுளிக்கடை இருக்கே. காலையில கடை தொறந்ததுலேருந்து ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நின்னுக்கிட்டே புடவை விரிச்சுக் காட்டுற பொண்ணுங்க காலைப் பாத்திருக்கீங்களா, நரம்பு சுருட்டிக்கிட்டுக் கிடக்கும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடைப் பொண்ணுங்க ரோட்டுக்கு வந்து போராடினப்புறம்தான் 2018-ல கேரளா கவர்மென்ட் உக்காருற உரிமையைச் சட்டமாக்குச்சு, 2021-ல நம்ம சட்டசபையும் செஞ்சுது. அன்னிக்கு சாப்பிட நேரம், இன்னிக்கு உக்கார ஸ்டூல், அவ்ளோதான் வித்தியாசம்.

போன மாசம் தி.நகர்ல ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஸ்டூல் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. அதுமேல நைட்டி பண்டல் அடுக்கி வெச்சிருந்தாங்க. "எடுத்து வெச்சிட்டு உக்காரலாமேம்மா"ன்னேன். "சூப்பர்வைசர் பாத்துட்டிருக்காரு சார், நீங்க கலர் சொல்லுங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு.